செவ்வந்திப் பொறிப்பும் சிதைவும்: ஜப்பானியப் படைத்துப்பாக்கிகளை அடையாளம் காணலும் மாற்றியமைத்தலும்

முன்னுரை

கல்லிலும் செம்பிலும் பொறித்த எழுத்துகளைப் படித்து வரலாறு எழுதுவது தமிழாய்வில் நன்கு பழகிய நெறியாகும். எஃகில் பொறித்த எழுத்துகளுக்கும் அந்நெறி பொருந்தும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் உபரிப் பொருளாகப் பல நாடுகளிலும் சிதறிய ஜப்பானியப் படைத்துப்பாக்கிகள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றின் பொறிப்புகள் உணர்த்தும் செய்திகளையும், பிற்கால மாற்றங்கள் அச்செய்திகளை எவ்வாறு மறைத்தன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் ஆண்டும்

இத்துப்பாக்கிகள் பொதுவாக ‘அரிசகா’ என வழங்கப்பெறுகின்றன. 1897இல் ஏற்கப்பட்ட 30ஆம் வகையின் உருவாக்கத்திற்குத் தலைமை ஏற்ற படை அலுவலர் அரிசகா நரியகிராவின் பெயரால் அமைந்த வழக்கு இது. அதனை நம்பு கிஜிரோ திருத்தியமைக்க, 1905இல் 38ஆம் வகை தோன்றியது. 1939இல் 99ஆம் வகை ஏற்கப்பட்டது. முன்னது 6.5 மி.மீ. தோட்டாவுக்கும், பின்னது 7.7 மி.மீ. தோட்டாவுக்கும் உரியவை.

வகை எண்கள் வரிசை எண்கள் அல்ல, ஆண்டுக் குறிப்புகள். 38 என்பது மெய்ஜிப் பேரரசரின் 38ஆம் ஆட்சியாண்டு. 99 என்பதோ ஜப்பானின் முதற் பேரரசராக மரபு கூறும் ஜிம்முவின் முடிசூட்டிலிருந்து எண்ணப்படும் 2599ஆம் ஆண்டின் இறுதி இரு இலக்கங்கள். ஆட்சியாண்டையும் சக ஆண்டையும் வேறுபடுத்திக் காணும் கல்வெட்டாய்வாளர் இங்கும் அதே விழிப்புடன் இருத்தல் வேண்டும். இவ்வகைப் பெயர் குழலின் பின்முனை பொருந்தும் எஃகு உடலின் மேற்புறத்தில், செவ்வந்திப் பூவின் கீழ், சீன வழி எழுத்துகளால் மேலிருந்து கீழாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

செய்யுள் தந்த வரிசை

உடலின் இடப்புறத்தில் தொடர் எண்ணும் தொழிற்சாலைக் குறியும் காணப்படுகின்றன. தொடக்கத்தில் எண்கள் இடையறாது வளர்ந்து சென்றன. 1930களில் எண் 99,999ஐ எட்டியதும் புதிய தொகுதியைத் தொடங்கும் முறை வந்தது. தொகுதியைக் குறிக்க வட்டத்துள் ஓர் எழுத்து இடப்பட்டது. அவ்வெழுத்துகள் ‘இரோஹா’ என்னும் பழஞ்செய்யுளின் வரிசையைப் பின்பற்றுகின்றன. ஜப்பானிய அசையெழுத்துகள் ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே வருமாறு யாக்கப்பெற்ற செய்யுள் அது. நிலையாமையைப் பேசும் அச்செய்யுள் கொலைக்கருவியின் எண்வரிசைக்குப் பயன்பட்டமை எண்ணத்தக்கது.

தொழிற்சாலைக் குறியை மட்டும் கொண்டு இடத்தைத் துணிய இயலாது. டோக்கியோவின் கொய்ஷிகாவாத் தொழிற்சாலை 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமுற்றபின் அதன் பணிகள் படிப்படியாகக் கொகுராவுக்கு மாற்றப்பட்டன. அடுக்கிய பீரங்கிக் குண்டுகள் போன்ற குறி மட்டும் மாறவில்லை. எனவே அக்குறியுடன் தொகுதி எழுத்து உண்டா என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

பூவின் சிதைவு

பதினாறு இதழ்ச் செவ்வந்தி பேரரசரின் உரிமையைக் குறிப்பது. இன்று கிடைக்கும் துப்பாக்கிகள் பலவற்றில் இப்பூ அரத்தாலோ சாணைக்கல்லாலோ தேய்க்கப்பட்டுள்ளது. 1945ஆம் ஆண்டுச் சரணடைவின்போது, பேரரசரின் சின்னம் பகைவர் கையில் சேராதிருக்க இது செய்யப்பட்டது என்பது பரவலான விளக்கம். போர்க்களத்திலேயே கைப்பற்றப்பட்டவற்றில் பூ பெரும்பாலும் சிதையாதுள்ளது. ஆகவே பூவின் சிதைவும் ஒரு சான்றே. அத்துப்பாக்கி எவ்வாறு கைமாறியது என்பதை அது உணர்த்துகிறது.

99ஆம் வகையின் உடலமைப்பும் போரின் போக்கைக் காட்டுகிறது. முற்காலத்தவற்றில் குழலின் உட்புறம் குரோமியம் பூசப்பட்டிருந்தது. விமானங்களைக் குறிவைக்கும் மடக்குச் சிறகுகளும் ஒற்றைத் தாங்குகாலும் இருந்தன. போர் முற்ற முற்ற இவை ஒவ்வொன்றாக மறைந்தன. குறிகாட்டி நிலையான துளையாகச் சுருங்கியது. அடிக்கட்டையின் எஃகுத் தகட்டுக்கு மாற்றாக மரத்தகடு வந்தது. ஒரு பேரரசின் வளங்கள் வற்றியதை இம்மாற்றங்களில் படிக்கலாம்.

மேம்பாடு என்னும் மாற்றம்

போருக்குப் பின் இத்துப்பாக்கிகள் இருவகையில் மாற்றப்பட்டன. முதலாவது அரசுகள் செய்தது. கொரியப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் ஜப்பானில் 99ஆம் வகைத் துப்பாக்கிகள் பலவற்றைத் தம் ‘30-06’ தோட்டாவுக்கு ஏற்பத் தென்கொரியாவுக்காக மாற்றினர். இரண்டாவது தனியார் செய்தது. தாயகம் திரும்பிய அமெரிக்க வீரர்கள் நினைவுப் பொருளாகக் கொணர்ந்தவற்றை வேட்டைக்கு ஏற்றவாறு திருத்தினர். மரக்கட்டையைக் குறுக்கினர், தாழின் கைப்பிடியை வளைத்தனர், தொலைநோக்கியைப் பொருத்தினர், வேறு தோட்டாவுக்கு அறையைக் குடைந்தனர்.

இங்கே அடையாளம் காணல் உயிர்ப் பிரச்சினையாகிறது. அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் பி. ஓ. ஆக்லி செய்த சோதனைகளில் அரிசகாவின் எஃகுடல் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியது. அதனால் அதன் வலிமை பெரும் புகழ் பெற்றது. ஆயின் பள்ளி மாணவர் பயிற்சிக்கெனச் செய்யப்பட்ட, தோற்றத்தில் ஒத்த கருவிகளும் உள்ளன. அவற்றின் உடல் வார்ப்பிரும்பால் ஆனது. குழலில் புரிப்பள்ளங்கள் இல்லை. வெற்று வெடிக்காக அமைந்த அவற்றில் உண்மைத் தோட்டாவை இட்டால் கருவியே வெடித்துச் சிதறக்கூடும். மறுபுறம், தோட்டா அறை மாற்றப்பட்ட துப்பாக்கியிலும் 99 என்ற பொறிப்பு அவ்வாறே நிற்கிறது. எழுத்து ஒன்றைக் கூற, உடல் வேறொன்றாக இருக்கிறது. எனவே பொறிப்பைப் படிப்பதோடு அறையை வல்லுநர் அளந்தறிதலும் இன்றியமையாததாகும்.

முடிவுரை

வகை எண், தொகுதி எழுத்து, தொழிற்சாலைக் குறி, பூவின் நிலை, உடலமைப்பு ஆகிய ஐந்தையும் ஒருங்கே நோக்கினாலன்றி இத்துப்பாக்கியின் வரலாறு தெளிவுறாது. இவற்றுள் ஒன்றை மட்டும் நம்புவது பிழைக்கு இடந்தரும். அரசுகள் செய்த மாற்றங்கள் தாமும் வரலாற்றின் ஓர் அடுக்காகும். தனியார் ‘மேம்பாடு’களோ பெரும்பாலும் பழைய உறுப்புகளை அகற்றி, அவை கூறிய செய்தியையும் அகற்றிவிட்டன. திருப்பணியின்போது மணல்வீச்சால் கல்வெட்டுகள் தேய்ந்தமையைக் கண்ட நமக்கு இவ்விழப்பின் தன்மை புதிதன்று. புதுப்பிக்கும் கைக்கு முன்னதாகப் படிக்கும் கண் செல்ல வேண்டும் என்பதே இவ்வாய்வால் பெறப்படும் முடிவாகும்.