வாய்ப்பூட்டுக்கு எதிராக ஒரு சட்டம் பிறந்த கதை

1998 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழா நடந்துகொண்டிருந்தது. மிராமாக்ஸ் பட நிறுவனத்தின் லண்டன் அலுவலகத்திலிருந்து இரண்டு உதவியாளர்கள் அங்கே போயிருந்தார்கள். ஒருவர் செல்டா பெர்கின்ஸ். இன்னொருவர் ரோவீனா சியூ, வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆனவர். முதலாளி ஹார்வி வைன்ஸ்டீன் ஹோட்டல் அறையில் தன்னைப் பலாத்காரம் செய்ய முயன்றார் என்று ரோவீனா செல்டாவிடம் சொல்லி அழுதார். வைன்ஸ்டீன் அந்தக் குற்றச்சாட்டைப் பின்னாளிலும் மறுத்தார். செல்டா அன்றே அவரிடம் நேருக்கு நேர் போய்க் கேட்டார். லண்டன் திரும்பியதும் இருவரும் ராஜினாமா செய்துவிட்டு வக்கீலிடம் போனார்கள்.

சம்பவம் நடந்தது இத்தாலியில். போலீசில் புகார் பதிவாகவில்லை. பெரும்புள்ளி ஒருவருக்கு எதிராக இரண்டு இளம் பெண்களின் வார்த்தை எடுபடாது என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மிச்சமிருந்த ஒரே வழி சமரசம். பேச்சுவார்த்தை ஒருநாள் விடியற்காலை 5 மணி வரை இழுத்தது. இருவருக்கும் சேர்த்து 2,50,000 பவுண்டு என்று முடிவாயிற்று. அதற்கு விலையாக அவர்கள் கையெழுத்திட்டது ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில்.

அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் படித்தால் இன்றும் மனம் பதறுகிறது. நடந்ததை நண்பர்களிடமோ வீட்டாரிடமோ சொல்லக் கூடாது. டாக்டரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேச வேண்டுமானால், முதலில் அவரும் ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கிரிமினல் வழக்கே வந்தாலும் வெளியே வரும் விவரத்தைக் குறைக்க இந்தப் பெண்களே முயல வேண்டும். ஒப்பந்தத்தின் முழுப் பிரதிகூட அவர்கள் கையில் தரப்படவில்லை. எதை மீறக் கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் வக்கீல் அலுவலகத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

செல்டாவும் சும்மா கையெழுத்துப் போடவில்லை. வைன்ஸ்டீன் மனநலச் சிகிச்சைக்குப் போக வேண்டும், இரண்டு ஆண்டுகளுக்குள் இதேபோல் இன்னொரு பெரிய தொகைக்குச் சமரசம் நடந்தால் தாய் நிறுவனமான டிஸ்னிக்குத் தெரிவிக்க வேண்டும் அல்லது அவரை நீக்க வேண்டும் என்றெல்லாம் எழுத வைத்தார். அடுத்து வரும் பெண்ணைக் காப்பாற்ற அவரால் முடிந்தது அவ்வளவுதான். ஆனால் எல்லாமே ரகசியம் என்றான பிறகு, அந்த ஷரத்துகள் நிறைவேறினவா என்று கேட்க வெளியாள் யார் இருக்கிறார்கள்? வைன்ஸ்டீன் மேலும் 19 ஆண்டுகள் சினிமாவில் கோலோச்சினார். செல்டா சினிமாவை விட்டே விலகி மத்திய அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

தொழில் சூத்திரமும் வாடிக்கையாளர் பட்டியலும் போட்டியாளர் கைக்குப் போகாமல் தடுக்கத்தான் இத்தகைய ஒப்பந்தங்கள் பெரிதும் பயன்பட்டன. அதில் நியாயம் உண்டு. ஒரு மனிதருக்கு நேர்ந்த கொடுமையைக் கம்பெனியின் வியாபார ரகசியமாக்கியதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

2017 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் வைன்ஸ்டீன் விவகாரத்தை அம்பலப்படுத்தியது. அதே மாதம் செல்டா பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, தன் ஒப்பந்தத்தைத் தெரிந்தே மீறினார். வழக்கு வரலாம், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 2018 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, அந்தத் தாள் எப்படி எழுதப்பட்டது என்று விவரமாகச் சாட்சி சொன்னார். 2021இல் கனடாவின் சட்டப் பேராசிரியர் ஜூலி மெக்ஃபார்லேனுடன் சேர்ந்து, 'என் மௌனத்தை விலைக்கு வாங்க முடியாது' என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார்.

இத்தகைய ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்த அயர்லாந்தில் செனட்டர் லின் ருவான் கொண்டுவந்த மசோதா ஏற்கெனவே கண்முன் இருந்தது. அதையொட்டிய சட்டத்தை முதலில் நிறைவேற்றியது, அப்போது சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. 2022 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. புகார் கொடுத்தவரே விரும்பிக் கேட்டால்தான் ரகசிய ஒப்பந்தம். சுயேச்சையான சட்ட ஆலோசனை பெற அவருக்கு வாய்ப்பு வேண்டும். பின்னாளில் மனம் மாறினால் ரகசியத்தை விலக்கிக்கொள்ளவும் வழி வேண்டும். டாக்டரிடமும் போலீசிடமும் பேசுவதை எந்த ஷரத்தும் தடுக்க முடியாது.

வெளியே தெரியக் கூடாது என்று நினைக்கிற பெண்கள் உண்டு, அவர்களுக்கு இந்த ஒப்பந்தம் கவசமில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தச் சட்டம் அந்தக் கவசத்தைப் பறிக்கவில்லை, அதை அணிவதா கழற்றுவதா என்ற முடிவைப் பாதிக்கப்பட்டவர் கையில் கொடுக்கிறது. எனக்கு இதுவே சரியென்று படுகிறது.

பிறகு இத்தகைய சட்டங்கள் வரிசையாக வந்தன. 2022 டிசம்பரில் அமெரிக்காவும், 2024இல் அயர்லாந்தும் தத்தம் வழியில் கட்டுப்பாடு விதித்தன. எல்லாம் தொடங்கிய பிரிட்டனில், பணியிடத் தொல்லையையும் பாகுபாட்டையும் பற்றிப் பேசவிடாமல் தடுக்கும் ஷரத்துகள் செல்லாது என்னும் திருத்தத்தை அரசு 2025 ஜூலையில்தான் கொண்டுவந்தது.

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யக் கூடாது என்கிறது. வேலையை விடும்போது எழுதி வாங்கப்படும் ரகசிய ஒப்பந்தங்களைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்லவில்லை. ஆகவே அப்படியொரு தாள் உங்கள்முன் நீட்டப்பட்டால் அவசரப்படாதீர்கள். கம்பெனி காட்டும் வக்கீல் போதாது, உங்களுக்கென்று ஒருவரிடம் காட்டிப் படியுங்கள். பிரதி கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.