கல்கத்தாவின் ஷொங்: தெருவில் ஒலித்த கேலி

தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வரும் சைத்ர சங்கராந்தியன்று, அதாவது வங்காள ஆண்டின் இறுதி நாளில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் உழைப்பாளர் தெருக்களிலிருந்து ‘ஷொங்’ என்னும் கேலிவேட ஊர்வலங்கள் புறப்பட்டன. கன்னார்கள் வாழ்ந்த காசாரிபாராவும் மீனவர் வாழ்ந்த ஜேலேபாராவும் இதற்குப் பெயர்பெற்றவை. ஆண்டு முழுவதும் வாய்விட்டுச் சொல்ல இயலாத மனக்குமுறலை, அன்று அரிதாரம் பூசி, ஆடிப்பாடி, அதற்குக் காரணமானவர்களின் வீட்டு வாசல் வழியாகவே கொண்டு சென்றனர்.

வேடங்களின் கூர்மையை அறிய, அதே பெயரால் வழங்கிய பூஜைப்பந்தல் மண்பொம்மைகள் துணைசெய்கின்றன. காளிபிரசன்ன சிங்ஹ 1860களின் தொடக்கத்தில் எழுதிய ‘ஹுதும் பேஞ்சார் நக்ஷா’ என்னும் நூல், போலிப் பக்தனைக் காட்டும் அத்தகைய பொம்மை ஒன்றை வருணிக்கிறது: மழித்த தலையில் குடுமி, கழுத்தில் மாலையோடு பொன் தாயத்துகள், மீசைக்கோ கறுப்புச் சாயம். துறவையும் ஆசையையும் ஒரே உடலில் நிறுத்திய இக்கலை, எந்தக் கண்டனக் கட்டுரைக்கும் குறைந்ததன்று.

படித்த மேல்தட்டினர் இதை ஆபாசம் என்றனர். 1873 இல் ஆபாச ஒழிப்புச் சங்கமும் கண்டு, ஊர்வலங்களை ஒடுக்க முனைந்தனர். நகரத்தின் கேலி அதனால் ஓயவில்லை. வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டு அந்தப்புரத்தில் வரவேற்கச் செய்த வழக்கறிஞர் ஜகதானந்த முகர்ஜியை, 1876 பிப்ரவரியில் கிரேட் நேஷனல் தியேட்டர் ‘கஜதானந்தா’ ஆக்கி மேடையேற்றியது. காவல்துறை தடுத்தபோது, ஆணையர் ஹாக், கண்காணிப்பாளர் லாம்ப் ஆகியோரின் பெயர்கள் பன்றியையும் ஆட்டுக்குட்டியையும் நினைவூட்டியதைப் பற்றிக்கொண்டு, ‘பன்றியும் ஆடும் காக்கும் காவல்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டு அடுத்த நையாண்டியை அரங்கேற்றினர். அரசு முதலில் அவசரச் சட்டத்தையும், அவ்வாண்டு இறுதியில் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தையும் பிறப்பித்தது. கேலி வெறும் மன ஆறுதலாக மட்டும் இருந்திருந்தால் பேரரசு ஒன்று அதற்கெனச் சட்டம் இயற்றியிருக்காது. அது பொதுமக்கள் வழங்கிய தீர்ப்பு என்பதை ஆட்சியாளர் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஷொங்கும் அடங்கிவிடவில்லை. 1917 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வினாத்தாள்கள் கசிந்தபோது, கல்விக்கோயிலில் கன்னம் வைத்த திருடனைத் தேடும் பாட்டோடு ஜேலேபாராவினர் தெருவில் இறங்கினர். 1876 ஆம் ஆண்டுச் சட்டமோ, விடுதலைக்குப் பிறகும் ஏட்டில் நீடித்து, 2018 இல்தான் நீக்கப்பட்டது.