திரும்பி வராத பயணத்துக்கு ஒரு ஆயத்தம்

"புத்தாண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ அண்ணை" என்று சங்கத்துப் பெடியள் கேட்டார்கள். நான் ஏ.எல். வரைக்கும் படித்தவன். இங்கே ஜேர்மனியில் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ற் வேலை. கவிதை எனக்கு வராது. சரித்திரம் என்றால் விருப்பம். ஆகவே எங்கள் ஊர்ப்பக்கத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு கணவன் மனைவியைப் பற்றி எழுதுகிறேன். எங்களைப்போல அவர்களும் பிறந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள். ஆனால் அவர்களை ஒருவரும் துரத்தவில்லை. தாங்களே முடிவெடுத்து, ஆயத்தம் செய்து, விடைபெற்றுப் போனவர்கள்.

என்னுடைய பெரியம்மா உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவா. "வின்சுலோ அம்மா தொடக்கின பள்ளிக்கூடம்" என்று பெருமையாகச் சொல்லுவா. தமிழ் படித்தவர்களுக்கு வின்சுலோ அகராதியைத் தெரியும். அந்த அம்மாவின் கணவர்தான் இந்த அகராதிக்காரர் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

கடையை விட்டுப் படிக்கப் போனவர்

மைரன் வின்சுலோ 1789இல் அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு கனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் என்ற ஊரில் வியாபாரம் செய்தார். நடந்துகொண்டிருந்த வியாபாரத்தை விட்டுவிட்டுப் படிக்கப் போனார். 1815இல் மிடில்பரி கல்லூரியில் பட்டம். 1818இல் அண்டோவர் இறையியல் கல்லூரியில் படிப்பு முடிந்தது. அங்கே எபிரேயம், கிரேக்கம், வேதசாத்திரம் எல்லாம் படிப்பித்தார்கள். தமிழ் படிப்பிக்க ஆள் இல்லை.

வெளிநாட்டுக்கு மிசனரிமாரை அனுப்புவதற்கு 1810இல் அமெரிக்காவில் ஒரு சபை அமைத்திருந்தார்கள். அமெரிக்கன் போட் என்று அதைச் சொல்வார்கள். 1818 நவம்பரில் வின்சுலோவும் வேறு சிலரும் சேலத்தில் குருப்பட்டம் பெற்றார்கள். தமிழ்நாட்டுச் சேலம் என்று நினைக்கவேண்டாம். இது மசாசுசெற்ஸ் மாநிலத்துச் சேலம்.

ஹரியற்

மணப்பெண் ஹரியற் லாத்ரப் 1796இல் நோர்விச்சில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி தொடங்கி நடத்தினார். அந்தக் காலத்தில் அது புதுசு. ஊரில் எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை.

அக்காலத்தில் ஒரு பெண்ணுக்குக் கடல் கடந்து இந்த வேலைக்குப் போக விருப்பம் இருந்தால் அநேகமாக ஒரே ஒரு வழிதான் இருந்தது. மிசனரி ஒருவரைக் கல்யாணம் செய்யவேண்டும். சபையும் மணம் முடித்தவர்களையே அனுப்ப விரும்பியது. போன பிறகும் மனைவிக்குக் குருப்பட்டம் இல்லை. 'துணை மிசனரி' என்றுதான் பதிவு. ஆகவே ஹரியற்றுக்குக் கல்யாணம், தொழில், நாடு மூன்றும் ஒரே முடிவு. 1819 ஜனவரியில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கப்பல் ஜூனில். இடையில் இருந்தது ஐந்து மாதம்.

என்ன நடக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1812இல் முதற் கூட்டத்தோடு போன இன்னொரு ஹரியற், ஹரியற் நியூவெல், கல்கத்தாவில் இறங்கியபோது கிழக்கிந்தியக் கொம்பனி இருக்க விடவில்லை. கணவனும் மனைவியும் மொறிசியசுக்குக் கப்பல் ஏறினார்கள். கப்பலில் பிறந்த பிள்ளை இறந்தது. அவரும் அதே 1812 நவம்பரில் மொறிசியசில் இறந்தார். வயது பத்தொன்பது. அவருடைய சரிதம் அச்சாகி அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் வாசிக்கப்பட்டது. தனியாளாகிப்போன கணவர் சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம் நல்ல இடம் என்று சபைக்கு எழுதினார். அதன்படி 1816இல் முதல் அமெரிக்கர்கள் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்து சேர்ந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் ஹரியற் லாத்ரப்பின் பெற்றோர் மகளை அனுப்பினார்கள். பின்னாளில் அவருடைய தங்கைமார் மூவரும் மிசனரிமாரைக் கல்யாணம் செய்து இலங்கைக்கே வந்தார்கள். ஒரு வீட்டில் நாலு பெண்பிள்ளைகள்! அந்தத் தாயை நினைத்துப் பார்க்கிறேன்.

கப்பல்

1819 ஜூன் 8ஆம் திகதி பொஸ்ரன் துறைமுகத்தில் இருந்து 'இந்தஸ்' என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் நாலு தம்பதிகள்: வின்சுலோ, ஸ்போல்டிங், வூட்வேட், டொக்ரர் ஜோன் ஸ்கடர். இந்த ஸ்கடர் நியூயோர்க்கில் நல்ல தொழில் நடத்திய வைத்தியர். நோயாளி ஒருவர் வீட்டில் காத்திருந்த நேரம் ஒரு சிறு பிரசுரத்தை எடுத்து வாசித்தார். அதோடு மனம் மாறிவிட்டது. மனைவியிடம் கேட்டார், அவரும் சம்மதித்தார். கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார்கள். நாலு மாதத்துக்கு மேல் கடலில் இருந்து ஒக்ரோபரில் கல்கத்தா வந்தபோது அந்தக் குழந்தை இறந்துபோனது.

அங்கிருந்து இலங்கைக்கு வந்து, வின்சுலோ குடும்பம் 1820இல் உடுவிலில் குடியேறியது. ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கினார். அதே 1820இல் இலங்கை அரசாங்கம் இனிப் புதிதாக அமெரிக்க மிசனரிமார் வரக்கூடாது என்று தடை போட்டது. அது நீங்கியது 1833இல். இந்த நாலு குடும்பமும் கதவு பூட்ட முன்னம் உள்ளே வந்தவர்கள். விசாவுக்காக வருசக்கணக்கில் காத்திருந்த எங்களுக்கு இதன் அருமை தெரியும்.

உண்மையான படிப்பு

இவ்வளவு ஆயத்தம் செய்து வந்தவர்களுக்கு உடுவிலில் வாய் திறந்து கதைக்கத் தெரியாது. எபிரேயம் தெரிந்த மனுசன் எங்கள் ஊராட்களிடம் அ, ஆவன்னாவில் தொடங்கினார். அம்மாவும் படித்தார். பெண்பிள்ளை எழுத்துப் படிப்பது வழக்கமில்லாத அந்தக் காலத்தில் 1824இல் பெண்களுக்கான விடுதிப் பள்ளியை உடுவிலில் தொடங்கினார். ஒரு மழை நாளில் வீடு திரும்ப முடியாமல் பங்களாவில் தங்கின இரண்டு சிறுமிகளோடுதான் அது தொடங்கியது என்று ஊரில் சொல்லுவார்கள்.

வந்த நோக்கத்தை மறைக்கத் தேவையில்லை. சைவத்தை அவர்கள் அஞ்ஞானம் என்றே நினைத்தார்கள். மதம் மாற்றத்தான் வந்தார்கள். விடுதிப் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரையே வைத்தார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் மாறிப்போனது. இதற்குப் பதிலாகத்தான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவப் பிள்ளைகளுக்குச் சைவப் பள்ளி என்ற விழிப்பும் அந்தப் போட்டியில் வந்ததுதான். நான் சைவக்காரன். இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

வின்சுலோ 1836இல் சென்னைக்கு மாறினார். யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைற் என்ற பாதிரியாரும் வேறு பலரும் சேர்த்து வைத்த சொற்களை வைத்து, தமிழ்ப் புலவர்களின் உதவியோடு பல வருசம் உழைத்தார். 1862இல் தமிழ்-ஆங்கில அகராதி வெளிவந்தது. அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள்! தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து இறங்கிய ஒருவரின் வேலை அது.

ஆயத்தம் செய்ய முடியாதது

ஒன்றுக்கு மட்டும் அவர்கள் ஆயத்தம் செய்திருக்கவில்லை. பிள்ளைகள். உடுவிலில் பிறந்த மூத்த மகன் சார்ல்சைப் படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அங்கே 1832இல் சிறுவனாகவே அவன் இறந்தான். அந்தக் காலத்தில் ஒரு கடிதம் வந்து சேர மாதக்கணக்கு ஆகும். தாய் தகப்பனை விட்டுவர ஆயத்தமாய் இருந்த அந்த அம்மா, பிள்ளையை விட எப்படி ஆயத்தமாவா? 1833 ஜனவரியில் அவரும் உடுவிலில் காலமானார். வயது முப்பத்தாறு. கணவர் அவருடைய நாட்குறிப்பையும் கடிதங்களையும் தொகுத்து 1835இல் நூலாக்கினார். வின்சுலோவும் 1864இல் அமெரிக்கா திரும்பும் வழியில் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். ஊர் போய்ச் சேரவில்லை. உடுவிலில் பிறந்த அவர்களுடைய மகள் ஒருவரின் பேரன்தான் 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளிநாட்டு அமைச்சராய் இருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ்.

நான் வெளிக்கிட்டது ஒரே இரவில். "விடிய நாலு மணிக்கு நில்லும்" என்று ஏஜென்சிக்காரன் போனில் சொன்னான். அம்மா ஒரு பையில் இரண்டு உடுப்பும் திருநீறும் வைத்தா. அதுதான் என்னுடைய ஆயத்தம். அதை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டு இத்தனை வருசம் இருந்துவிட்டேன். அஹ்துங், பவுஸ, ஃபையர்ஆபெண்ட் என்று மிசினடியில் தேவைப்படுகிற டொச் மட்டும் பழகினேன். மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனால் மகளே எனக்கு மொழிபெயர்க்கிறாள். ரீச்சர் ஏதோ சொன்னார். பிள்ளை சிரித்துவிட்டு, "ஒண்டுமில்லை அப்பா" என்றாள். அது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளிக்கிட முன்னம் ஆயத்தம் செய்ய எங்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் வின்சுலோவும் தமிழை அங்கே படித்துவிட்டு வரவில்லை. இறங்கின இடத்தில் இருந்துதான் படித்தார். அந்த ஆயத்தத்துக்கு நேரம் இன்னும் போய்விடவில்லை. இந்தச் சித்திரையோடு நான் மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இரவு ஷிப்ற் இல்லாத கிழமைகளில் போவேன். என்னைப்போல மிசினடி டொச்சோடு நிற்கிற அண்ணன் தம்பிமார் இருந்தால் வாருங்கோ, சேர்ந்தே போவம்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.