தோடிக்கு மூன்றரை நிமிடம்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் நம் பக்கத்துக் கோயில்களில் நாயனம் வாசிக்கிறார். போன வாரம் கைபேசியில் அழைத்தார். "சார், விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் வாத்திய இசையை உரிமம் போட்டு வாங்குற இணையதளம் ஒண்ணு இருக்கு. பதினோரு நிமிஷம் கரகரப்பிரியா வாசிச்சு அனுப்பினேன். ரெண்டரை நிமிஷத்துக்கு மேல வேணாம், கூடவே அறுபது நொடியில ஒண்ணு, முப்பது நொடியில ஒண்ணு, பதினஞ்சு நொடியில ஒண்ணு அனுப்புங்கன்னு திருப்பிட்டாங்க. பதினஞ்சு நொடியில என்ன சார் வாசிக்கிறது? இது வித்தைக்கு அவமானம் இல்லையா?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் இந்தச் சங்கடம் அவருக்கு மட்டும் வந்ததல்ல. நூறு வருடத்துக்கும் மேலான கதை இது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோயிலில் நாயனத்துக்கு அளவே இல்லை என்று நினைக்கிறோம். அது சரியல்ல. அங்கும் அளவு உண்டு. அதைக் கடிகாரம் வைக்கவில்லை, சுவாமி வைத்தார். புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி. வீதிக்கு வந்ததும் ராகம். சுவாமி நின்றால் ராகம் விரியும், நகர்ந்தால் சுருங்கும். தேர் நிலைக்கு வரும்வரை வாசித்தாக வேண்டும். நான்கு வீதிகளின் நீளமும் தோள் கொடுப்பவர்களின் நடையும்தான் கச்சேரியின் நீளம்.

அரண்மனையில் வேறு அளவு. சேதுபதிகளின் சபையில் வித்துவான்கள் பாடிய காலத்தில் மன்னரின் ரசனைதான் கணக்கு. அந்த இராமநாதபுரம் சமஸ்தானத்தின் வித்துவான் பூச்சி சீனிவாச ஐயங்கார் (1860–1919). அவருடைய சீடர்தான் அரியக்குடி இராமானுச ஐயங்கார். அரியக்குடியும் அன்று பழைய இராமநாதபுரம் மாவட்டம்தான். பல உருப்படிகளை அளவாக அடுக்கி, சபாவுக்கு ஏற்ற கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் என்று அவரைச் சொல்வார்கள். நீளத்தைக் கட்டுக்குள் வைப்பது வித்தைக்குக் குறைவு என்று அவர் நினைத்திருந்தால் அந்த முறை வந்திருக்காது.

அடுத்து வந்தது இயந்திரம். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். தட்டுகளை அச்சிட்டது ஜெர்மனியின் ஹனோவர் நகரத் தொழிற்சாலை. யாருடைய பாட்டு என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான். இருக்கிற மூன்று நிமிடத்தில் இதற்கும் சில நொடிகள் ஒதுக்க வேண்டியிருந்தது.

ஏன் மூன்று நிமிடம்? கணக்கு எளிது. பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். மூன்று நிமிடத்துக்கு 234 சுற்று. ஊசி ஓடும் பள்ளம் ஒரே சுருளாக விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போகிறது. எஃகு ஊசியின் பருமனுக்குப் பள்ளத்தை அதற்குமேல் நெருக்க முடியாது. நடுவில் பெயர்ச்சீட்டு ஒட்ட இடம் வேண்டும். ஆகவே மூன்று, மிஞ்சினால் மூன்றரை நிமிடம். பன்னிரண்டு அங்குலத் தட்டு என்றால் ஒரு நிமிடம் கூடும். இந்த அளவை எந்த ரசிகரும் வைக்கவில்லை. தட்டும் ஊசியும் வைத்தன.

1925 வாக்கில் மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்வது வந்தது. அதற்கு முன் ஒரு பெரிய கூம்புக்கு எதிரே நின்று சத்தமாகப் பாட வேண்டும். நாயனத்துக்கு அது சிரமமில்லை. வீணைக்கு? மைக் வந்த பிறகுதான் அந்த நுண்மையான நாதம் தட்டில் ஏறியது. வீணை தனம்மாள் தம் கடைசிக் காலத்தில், 1930களில், தட்டுகளில் வாசித்தார். அவர் வேகமாக வாசித்து நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. நிதானத்தை விடாமல், எதைச் சொல்ல வேண்டுமோ அதை மட்டும் சொன்னார்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஒரே தோடியை வீதியில் வாசிப்பார் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தட்டில் இரண்டு பக்கமும் சேர்ந்தாலே ஏழு நிமிடத்தைத் தாண்டாது. ஆனாலும் அந்தத் தோடித் தட்டு கல்யாண வீட்டிலும் காப்பிக் கடையிலும் தேயத் தேய ஓடியது. கோயில் வாசலில் நின்று கேட்க முடியாதவர்களுக்கும் அந்த ராகம் போய்ச் சேர்ந்தது.

இங்கே இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வீதியில் வாசித்த அந்த ராத்திரித் தோடி இன்று எங்கே? காற்றோடு போய்விட்டது. நமக்கு மிஞ்சியது தட்டில் ஏறிய சில நிமிடங்களும் வானொலியில் பதிவான கொஞ்சமும்தான். அளவுக்குள் வந்தது மட்டும் வாழ்ந்தது. அளவுக்கு வெளியே இருந்ததைக் காப்பாற்ற ஆளில்லை.

வானொலி வந்தபோது அளவு மறுபடி மாறியது. சென்னை நிலையம் 1938இல், திருச்சி நிலையம் 1939இல். கால் மணி, அரை மணி என்று பங்கு பிரித்தார்கள். செய்திக்கு இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தால் அதை நிரப்ப ஒரு வாத்திய இசை வரும். நம் கரையில் இலங்கை வானொலி எப்படிக் கேட்டது என்று பாம்பன், மண்டபம் பக்கத்து என் வயதுக்காரர்களைக் கேளுங்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். நிகழ்ச்சி தொடங்கும் முன் வரும் சில நொடி முகப்பு இசையைக் கேட்டே எந்த நிகழ்ச்சி என்று சொல்லிவிடுவோம். பாடிய பாட்டை மறந்தவர்களுக்கும் அந்த இசை மறக்கவில்லை. சில நொடியில் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் தேசிய கீதமே சுமார் 52 நொடி என்றுதான் விதி. சில சமயங்களில் இசைப்பதற்குச் சுருக்க வடிவம் ஒன்று உண்டு, அது சுமார் 20 நொடி. மரியாதைக்கும் நீளத்துக்கும் சம்பந்தமில்லை.

சரி, இன்றைய தளங்கள் ஏன் இப்படிக் கேட்கின்றன? தொலைக்காட்சி விளம்பர நேரம் பத்து நொடிக் கணக்கில் விற்கப்படுகிறது. முப்பது நொடி விளம்பரத்துக்கு முப்பது நொடி இசை வேண்டும். படம் வெட்டுகிறவரிடம் பதினோரு நிமிடத்தைக் கொடுத்தால் ராகத்தின் நடுவில் கத்தரி வைப்பார். அவர் வெட்டுவதைவிட வாசித்தவரே அளந்து கொடுப்பது நல்லது. அதுதான் என் பதில்.

அளப்பது எப்படி? நிமிடத்துக்கு 80 தட்டு என்று காலப்பிரமாணம் வைத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளத்தில் எட்டுத் தட்டு ஓர் ஆவர்த்தனம். அது சரியாக 6 நொடி. முப்பது நொடிக்கு 5 ஆவர்த்தனம், அறுபது நொடிக்கு 10. பதினைந்து நொடி என்றால் இரண்டரை. இரண்டு ஆவர்த்தனத்தில் ராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டு, அரை ஆவர்த்தனத்தில் சிறு தீர்மானம் வைத்து முடிக்கலாம். கடைசி நாதம் அடங்கும் நேரமும் அந்தப் பதினைந்துக்குள் வர வேண்டும் என்றால் காலப்பிரமாணத்தை ஒரு இழை கூட்ட வேண்டும். மிருதங்க மேதை முருகபூபதி பிறந்த மண் இது. எண்ணி முடிக்கும் வித்தையை நமக்கு வெளியூர்க்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்யக் கூடாதது ஒன்று. நீளம் போதவில்லை என்று வாசித்ததையே வெட்டி ஒட்டி இழுப்பது, அல்லது நீளமானதைப் பாதியில் சத்தம் குறைத்து நிறுத்துவது. கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். சிறியதானாலும் தொடக்கமும் முடிவும் வேண்டும்.

இனி பணத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் தட்டில் வாசித்தவர்களில் பலருக்கு ஒரு தொகை கையில் கொடுத்ததோடு சரி. தட்டின் உரிமை கம்பெனிக்கு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில்கூட வாசிப்பவருக்கென்று தனி உரிமை இல்லை. அது 1994 திருத்தத்தில்தான் வந்தது. 2012 திருத்தம் அதை இன்னும் விரித்தது. ராஜரத்தினம் பிள்ளை 1956லேயே போய்விட்டார். ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஒரு முறை பயன்படுத்தவா, எப்போதைக்குமா? மற்றவருக்கும் கொடுக்கலாமா, கூடாதா? புரியாவிட்டால் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். நொடிக் கணக்கைவிட இந்தக் கணக்கு பெரியது.

என் மாணவருக்கும், அவரைப் போன்ற நம் மாவட்டத்து நாயன, தவில் கலைஞர்களுக்கும் சொல்வது இதுதான். கேட்கிற அளவுக்கு வாசித்துக் கொடுங்கள், அதில் இழுக்கு இல்லை. கூடவே அந்தப் பதினோரு நிமிடத்தையும் நல்ல ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்து, தேதியும் ஊரும் சொல்லி, இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள். அதற்கு இன்று தட்டும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். உங்கள் அப்பாவோ தாத்தாவோ வாசித்த பழைய ஒலிநாடா வீட்டில் கிடந்தால், பூஞ்சை பிடிப்பதற்குள் கணினியில் ஏற்றுங்கள்.

விளம்பரக்காரருக்குப் பதினைந்து நொடி போதும். உங்கள் பேரனுக்கு அது போதாது.