எங்களுக்கு அப்புறம் யாரு?

"எனக்கு ஒரு நாள் முன்னாடி இவன் போயிடணும்" என்பார் எங்கள் தெரு அம்மா ஒருவர். அவருக்கு 76. மகனுக்கு 48, டௌன் சின்ட்ரோம். "அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா" என்று எல்லாரும் பேச்சை மாற்றிவிடுவோம்.

ஆனால் இந்தப் பயமே புதுசு. 1940களில் டௌன் சின்ட்ரோமோடு பிறந்தவர்களின் சராசரி ஆயுள் இங்கிலாந்திலேயே 12 வயதை ஒட்டித்தான் இருந்தது. ஆன்டிபயாடிக்கும் இதய அறுவை சிகிச்சையும் வந்தபின், வசதியான நாடுகளில் அது 60ஐ நெருங்கிவிட்டது. பெற்றோருக்குப் பின்னும் இருக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி யோசிக்க நம் சட்டத்துக்கு ரொம்ப நாள் பிடித்தது.

1912 லூனசி சட்டம் மனநோயாளியையும் மனவளர்ச்சி குன்றியவரையும் 'லூனடிக்' என்ற ஒரே சொல்லில் அடைத்தது. அசிங்கமான சொல்தான். ஆனால் வளர்ந்த மகனுக்குக் காப்பாளர் கேட்டு கோர்ட்டுக்குப் போக அதில் ஒரு வழி இருந்தது. 1987 மனநலச் சட்டம் மனவளர்ச்சிக் குறைபாட்டைத் தன் வரையறையிலிருந்து விலக்கியது. இரண்டும் ஒன்றில்லை என்று ஒப்புக்கொண்டது நியாயம். ஆனால் 1993இல் அது அமலானதும் பழைய சட்டம் போனது, கூடவே அந்த வழியும் போனது. மகனுக்கு 18 முடிந்தால் பெற்ற தாயே சட்டத்தின் கண்ணில் காப்பாளர் இல்லை!

1999 டிசம்பரில் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டம்தான் இதைச் சரிசெய்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு, கலெக்டர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி கொண்ட மாவட்டக் குழுவே காப்பாளரை நியமிக்கலாம். பெற்றோர் இறந்தபின் என்ன என்பதையும் தன் நோக்கங்களில் எழுதிவைத்தது. எனக்குத் தெரிந்து அது பெரிய விஷயம். ஆனால் குழு தருவது கையெழுத்துப் போட ஒரு ஆள். ராத்திரி பக்கத்தில் படுக்க ஆள் இல்லை.

அந்த அம்மாவின் மகள்தான் இப்போது காப்பாளர். வெளியூரில் இருக்கிறார், அவருக்கே 52.

இன்னொன்றும் இருக்கிறது. டௌன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல். அல்சைமரோடு தொடர்புள்ள ஒரு மரபணு அதில்தான் இருக்கிறது. அதனால் பலருக்கு 50 வயதை ஒட்டியே மறதி ஆரம்பித்துவிடும். போன மாதம் அவன் சொந்த வீட்டு வாசலைத் தெரியாமல் பக்கத்து வாசலில் நின்றிருந்தான். கையைப் பிடித்துக் கூட்டிவந்த அம்மாவுக்கு எல்லாம் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. ஒரு நோட்டு போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார், மகளுக்காக: ரசம் சாதம் பிசைஞ்சு குடுக்கணும், இடிச்சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிடுவான், திட்டக் கூடாது.