விழுந்தால் என்ன செலவு? (மாதிரி விமானம் முதல் சிமுலேட்டர் வரை)

1910-ஆம் ஆண்டு மார்ச் மாதம். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தி வந்த ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்பவர், தீவுத்திடலில் கூடியிருந்த மக்கள் முன்னால் ஒரு விமானத்தை ஓட்டிக் காட்டினார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து ஏழு வருடம்கூட முடியாத காலம் அது! இதில் இன்னொரு விசேஷம், அந்த விமானம் கப்பலில் வந்து இறங்கியது அல்ல. அவரே வடிவமைத்து, சிம்ப்சன் கம்பெனியின் உதவியோடு இங்கேயே கட்டியது. ஊரைக் கூட்டிக் காட்டுவதற்கு முன் பல்லாவரத்தில் அதைச் சோதித்தும் பார்த்துக்கொண்டார்.

இன்று பொருட்காட்சி பார்க்கத் தீவுத்திடலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சற்று யோசித்துப் பாருங்கள். மெட்ராஸில் பிளையிங் கிளப் என்று ஒன்று வருவதற்கு இன்னும் ஏறக்குறைய இருபது வருடங்கள் இருந்தன. பயிற்சிப் பள்ளி இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தவறு செய்தால் விமானமும் போகும், உயிரும் போகும். விமானத்தின் வரலாற்றையே இந்த ஒரு கேள்வியை வைத்துச் சொல்லிவிடலாம்: கீழே விழுந்தால் என்ன செலவு?

உயிரைக் கொடுத்தவர்

ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் 1896 வரை, எஞ்சின் இல்லாத கிளைடர்களில் இரண்டாயிரம் தடவைக்கு மேல் பறந்தவர். குன்றின் மேலிருந்து காற்றை எதிர்த்து ஓடி வந்து குதிப்பார். அதுதான் அவருடைய 'லாஞ்ச்'. 1896 ஆகஸ்ட் 9 அன்று கிளைடர் நிலைகுலைந்து விழுந்தது. மறுநாள் இறந்துபோனார்.

அந்தச் செய்திதான் ரைட் சகோதரர்களை இந்தத் துறைக்குள் இழுத்தது. ஆனால் அவர்கள் எடுத்தவுடனே விமானத்தில் ஏறிவிடவில்லை. 1899-இல் பட்டம் விட்டுப் பார்த்தார்கள். 1901-இல் ஒரு மரப்பெட்டிக்குள் காற்றை ஓடவிட்டு, ஏறக்குறைய இருநூறு குட்டி இறக்கைகளைச் சோதித்தார்கள். கிளைடர்களிலும் பறந்து பார்த்தார்கள். எஞ்சின் கடைசியில்தான் வந்தது. மாதிரி இறக்கை பயனில்லை என்றால் நஷ்டம் ஒரு துண்டுத் தகடு மட்டுமே!

அவர்களுக்கும் லாஞ்ச் ஒரு தலைவலியாகவே இருந்தது. 1903-இல் கிட்டி ஹாக் கடற்கரையின் பலத்த காற்று கைகொடுத்தது. 1904-இல் சொந்த ஊருக்கு வந்தால் அங்கே அவ்வளவு காற்று இல்லை. ஆகவே ஒரு கோபுரத்திலிருந்து கனமான எடையை விழவைத்து, அந்த வேகத்தில் கயிறு விமானத்தை முன்னால் இழுக்கும்படி ஏற்பாடு செய்தார்கள்.

கையால் எறிவது

மாதிரி கிளைடர் விடுகிறவர்கள் இன்றும் செய்வது அதே வேலைதான். காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, மூக்கைத் தூக்காமல், ஈட்டி எறிவது போல் நேராக எறிய வேண்டும். வானத்தைப் பார்த்து எறிந்தால் வேகம் குறைந்து, இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, தலைகுப்புற விழும். பெரிய கிளைடர் என்றால் ரப்பர் கயிறு, வின்ச், அல்லது இழுத்துப் போக இன்னொரு விமானம். எந்த வழியானாலும் முதல் சில விநாடிகள்தான் கண்டம். பல வாரம் உட்கார்ந்து ஒட்டிய பால்சா மரம் ஒரு நொடியில் சுள்ளியாகிவிடும்.

தரையில் நின்ற நீலப் பெட்டி

மனிதர்கள் விழும் செலவைக் குறைத்தவர் எட்வின் லிங்க். அப்பாவுக்கு ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழில். அதில் பயன்பட்ட துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் வைத்தே 1929-இல் ஒரு பொம்மை விமானத்தை ஆட வைத்தார். உள்ளே உட்கார்ந்து ஓட்டலாம், ஆனால் பறக்காது. முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின.

1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலை வந்தது. இருட்டிலும் பனியிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி அவர்களில் பலருக்கு இல்லை. சில மாதங்களுக்குள் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அதன் பிறகே ராணுவம் ஒன்று 3,500 டாலர் வீதம் லிங்கின் பெட்டிகள் ஆறை வாங்கியது. பன்னிரண்டு உயிருக்குப் பிறகு வந்த ஞானம்!

கம்ப்யூட்டருக்குள்

1982-இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தபோது அந்தப் பெட்டி வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. பிறகு ரேடியோ மூலம் இயக்கும் மாதிரி விமானங்களுக்கென்றே தனி சிமுலேட்டர்கள் வந்தன. இவற்றில் நாம் விமானத்துக்குள் இல்லை, மைதானத்தில் நிற்கிறோம். கையால் எறிவது, வின்ச், இழுவை எல்லாம் திரையிலேயே உண்டு. விழுந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் புது விமானம் தயார்.

இவை கற்றுத்தரும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடது என்றால் இடது. நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் இடது நமக்கு வலது! புதிதாக ஓட்டுகிறவர்கள் பலர் விமானத்தை உடைப்பது இங்கேதான். யோசித்துச் செய்ய நேரம் இருக்காது, விரல்களுக்கே பழகியிருக்க வேண்டும். திரையில் நூறு தடவை விழுந்தால் அது பழகிவிடும். ஆனால் முகத்தில் அடிக்கும் காற்றும், சொந்தக் காசு மேலே பறக்கிறதே என்ற பயமும் திரையில் வராது. அதை மைதானத்தில்தான் கற்க வேண்டும்.

இந்தக் கதையில் சென்னை 1910-ஓடு நின்றுவிடவில்லை. அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. மாதிரி விமானங்களில் ஆர்வம் கொண்ட நடிகர் அஜித் குமார் அதற்கு ஆலோசகராக இருந்தார் என்பது பலருக்கும் தெரிந்ததே. இன்று ட்ரோன் ஓட்டும் பயிற்சியிலும் முதலில் சிமுலேட்டர், பிறகுதான் மைதானம்.

டி'ஏஞ்சலிஸுக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் பல்லாவரத்து வெட்டவெளி ஒன்றுதான். தவறு செய்து பார்க்க ஓர் இடம் அவருக்கும் தேவைப்பட்டிருக்கிறது!