பென் டிரைவ் செருகினால் கேட்கும் சத்தம் - யூடெவ் வந்த கதை

லினக்ஸ் பொட்டி வைத்திருப்பவர்கள் கருப்புத் திரையைத் திறந்து 'யூடெவ்அட்ம் மானிட்டர்' என்று தட்டிவிட்டு, ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். மளமளவென்று வரிகள் ஓடும். ஒவ்வொரு நிகழ்வும் இரண்டு தடவை வரும், முதலில் 'கெர்னல்' என்று, அப்புறம் 'யூடெவ்' என்று. முதலாவது, "ஒரு சாமான் வந்திருக்கு" என்று கெர்னல் போடும் சத்தம். இரண்டாவது, யூடெவ் அதைக் கேட்டு, தன் விதிகளையெல்லாம் ஓட்டி, பெயர் வைத்து, "ஆச்சு" என்று சொல்வது. முதல் வரி வந்து இரண்டாவது வரவில்லை என்றால் கோளாறை விதிகளில் தேடணும். முதல் வரியே வரவில்லையா, ஒயரையும் போர்ட்டையும் பாருங்கள். கராடியில் என் பிழைப்பில் பாதி இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது :-)

இந்த வசதிக்குப் பின்னால் ஒரு சண்டைக்கதை இருக்கிறது.

யூனிக்ஸில் எல்லாச் சாதனமும் 'டெவ்' என்ற அடைவில் ஒரு கோப்பாக இருக்கும். பெயர் நமக்கு, கெர்னலுக்கு மேஜர், மைனர் என்று இரண்டு எண்கள்தான் கணக்கு. பழைய லினக்ஸில் இரண்டுக்கும் தலா எட்டு பிட், அதாவது 256க்கு மேல் போக வழியில்லை. சாமான் இருக்கிறதோ இல்லையோ, வரக்கூடிய எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கோப்பு போட்டு வைப்பார்கள். 2003-ல் வந்த ரெட் ஹேட் 9-ல் அந்த அடைவில் 18,000-க்கும் மேல் கோப்புகள். வராத விருந்தாளிக்கும் சேர்த்து இலை போட்ட பந்தி மாதிரி! நிஜமாக யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிய, டிமெசேஜ் கட்டளையை ஓட்டிக் கடைசிப் பத்து வரியைப் படிக்கணும். இல்லையென்றால் சிஸ்லாக் கோப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்கணும். (சிஸ்லாக், 1980-களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் தன் சென்ட்மெயிலுக்காக எழுதியது. மெயிலுக்காகப் பிறந்து ஊருக்கே குறிப்பேடாகிவிட்டது.) இதெல்லாம் மனுஷன் படிக்க எழுதிய வரிகள். இன்னொரு நிரல் இதை நம்பி வேலை செய்ய முடியாது.

ரிச்சர்ட் கூச் எழுதிய டெவ்எஃப்எஸ் 2000-ல் கெர்னலுக்குள் வந்தது. இருக்கிற சாதனத்துக்கு மட்டும் கெர்னலே கோப்பு உண்டாக்கும். நல்ல யோசனைதான். ஆனால் பெயர் வைக்கும் உரிமையும் கெர்னலுக்குள்ளேயே போய்விட்டது. இரண்டு பிரிண்டர் இருந்தால் முதலில் கண்ணில் பட்டது பூஜ்யம், அடுத்தது ஒன்று. நாளைக்கு வரிசை மாறினால் சம்பளப் பட்டியல் வேறு அறையில் அச்சாகும். கெர்னல்காரர்கள் அதன் நிரலில் குறைகளை அடுக்கினார்கள். கூச்சும் பராமரிப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்.

2003 ஜூலையில் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் வைத்த கட்டுரைதான் யூடெவ். கெர்னல் நடந்ததைச் சொன்னால் போதும், பெயரை வெளியே இருக்கும் ஒரு சின்ன நிரல் வைத்துக்கொள்ளும் என்றார். சாதன விவரங்களைப் படிக்கத் தரும் சிஸ்எஃப்எஸ், அந்த டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் தயாராக இருந்தது. டெவ்எஃப்எஸ்ஸை 2006-ல் கெர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த திருப்பம் இதற்கு நடுவில் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் கெர்னல் 'ஹாட்பிளக்' என்ற நிரலைப் புதிதாக ஒருமுறை கிளப்பிவிடும். பொட்டி எழும்போது நூற்றுக்கணக்கில் கிளம்பும். பின்னால் கிளம்பியது முன்னால் முடிந்து, 'எடுத்துவிட்டார்கள்' என்ற சேதி 'செருகினார்கள்' என்பதற்கு முன்பே வந்து நிற்கும். அதற்காக ஒவ்வொரு சேதிக்கும் வரிசை எண் போட்டார்கள். 2004-ல் ராபர்ட் லவ், கே சீவர்ஸ் போன்றவர்கள் உழைப்பில் அதே சேதி நெட்லிங்க் வழியாகவும் போக ஆரம்பித்தது. வீடு வீடாக ஆள் அனுப்புவதற்குப் பதில் கோயில் மைக்கில் அறிவித்த மாதிரி. மைக் என்றால் யார் வேண்டுமானாலும் கேட்கலாமே? மானிட்டர் கட்டளைக்கு வழி பிறந்தது இங்கேதான். முதலில் யூடெவ்மானிட்டர், யூடெவ்இன்ஃபோ என்று தனித்தனியாக இருந்தவை 2008 வாக்கில் யூடெவ்அட்ம் என்ற ஒரே கட்டளைக்குள் வந்தன.

சரி, இதனால் நமக்கென்ன? அந்த வருஷங்களில் வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கியவர்களைக் கேளுங்கள். முகவரிச் சான்று இல்லாமல் பிராட்பேண்ட் கிடைக்காது. ரிலையன்ஸ் நெட்கனெக்ட், டாடா ஃபோட்டான் மாதிரி டேட்டா கார்டுதான் ஊருக்குப் பேச, வேலை தேட, ரயில் டிக்கெட் எடுக்க. அப்போது வந்த கார்டுகளில் பல, செருகியதும் தன்னை மோடம் என்று சொல்லாது, சிடி டிரைவ் என்று சொல்லும்! விண்டோஸில் அந்தப் பொய் சிடியிலிருந்து மென்பொருள் ஏறி, ரகசியமாக ஒரு கட்டளை அனுப்பி, கார்டை மோடமாக மாற்றும். லினக்ஸில் அது சிடியாகவே உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் கை விரித்துவிடுவார்.

மானிட்டரை ஓடவிட்டுச் செருகினால் குட்டு உடையும். 'பிளாக்' பிரிவில் எஸ்ஆர்0 என்று வரும், மோடம் போர்ட் ஒன்றுகூட வராது. ஜெர்மனியின் யோசுவா டீட்ஸே எழுதிய யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச், விண்டோஸ் மென்பொருள் அனுப்பும் அதே கட்டளையைத் தானே அனுப்பியது. உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் கார்டின் எண்களை அனுப்ப அனுப்பப் பட்டியல் வளர்ந்தது. அதை யூடெவ் விதியாகக் கோத்ததும் செருகினால் தானே மாறும். மானிட்டரில் 'ரிமூவ்' வரிகள் ஓடும், ஒரு விநாடி அமைதி, பிறகு டிடிஒய்யூஎஸ்பி 0, 1, 2 என்று வரிசையாக 'ஆட்' வரும். அந்த அமைதியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நிறைய பேர். கம்பெனி லினக்ஸுக்கு டிரைவர் தரும் என்று காத்திருந்தால் கார்டு சேவையே முடிந்திருக்கும். (2019-க்குள் அந்த இரண்டு சேவையுமே போய்விட்டன.)

ஒரு கொசுறு: 2007 வாக்கில் உமாசங்கர் ஐஏஎஸ் பொறுப்பில் எல்காட் தமிழக அரசுப் பொட்டிகளில் சூசே லினக்ஸைப் புகுத்தியது நினைவிருக்கலாம். அப்போது சூசேயை வைத்திருந்த நோவல் கம்பெனியில்தான் க்ரோ-ஹார்ட்மனும் சீவர்ஸும் சம்பளம் வாங்கினார்கள்.

சண்டை அதோடு ஓயவில்லை. 2012 ஏப்ரலில் யூடெவ்வை சிஸ்டம்டியோடு சேர்ப்பதாக அறிவித்தார்கள். சாதனங்களுக்கு ஃபர்ம்வேர் ஏற்றுவதில் யூடெவ் தாமதப்படுத்துகிறது என்று அந்த அக்டோபரில் லினஸ் டோர்வால்ட்ஸ் பொரிந்து தள்ளினார். அந்த வேலையை 3.7 கெர்னல் தானே எடுத்துக்கொண்டது. ஜென்டூகாரர்கள் பிரிந்துபோய் 'இயூடெவ்' என்று தனிக்கடை போட்டார்கள். 2013-ல் சிஸ்டம்டி-யூடெவ், ஈத்0 என்ற பழைய நெட்வொர்க் பெயரையும் மாற்றி, வாயில் நுழையாத ஒன்றை வைத்தது. இன்றைக்கும் போனை யூஎஸ்பி டெதரிங்கில் செருகி மானிட்டரைப் பாருங்கள். முதலில் யூஎஸ்பி0 என்று ஒரு 'ஆட்' வரி, அடுத்த நொடியே அந்த நீளப் பெயரோடு ஒரு 'மூவ்' வரி.